கல்லூரி வாசலுக்கு முன்பே வசூலாகும் கட்டணம்

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிக்க ஓராண்டுக் கட்டணம் ஏறத்தாழ 18,000 ரூபாய். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அது 13,610 ரூபாயாக இருந்தது. விடுதி, மெஸ், புத்தகம், ஸ்டெதஸ்கோப் எல்லாம் தனி. ஆனாலும் ஐந்தாண்டுக் கட்டணத்தைக் கூட்டினால் ஒரு லட்சத்தைத் தொடாது. அதே படிப்புக்குத் தனியார் சுயநிதிக் கல்லூரியில், அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல் ஆகிறது. நிர்வாக ஒதுக்கீடு என்றால் 13 லட்சத்துக்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் 20 லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும் எவரும், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அரசு கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறது என்றே நினைப்பார்கள். அந்த முடிவு பாதிதான் சரி. சேர்க்கைக்கு விதிக்கப்படும் தகுதியும் ஒரு கட்டணம்தான். அதைக் கல்லூரி அலுவலகத்தில் யாரும் கட்டுவதில்லை, அதற்கு ரசீதும் இல்லை. அதனால் எந்த அரசாணையிலும் அது இடம்பெறாமல் போகிறது. தகுதி விதியையும் கட்டணத்தையும் ஒரே கணக்கில் எழுதினால்தான் ஓர் அரசு மருத்துவ இடத்தின் உண்மையான விலை தெரியும். அப்படி எழுதிப் பார்த்தால், கடந்த சில ஆண்டுகளில் அந்த விலை குறையவில்லை, ஏறியிருக்கிறது என்பதே கிடைக்கும் விடை.

காகிதத்தில் உள்ள தகுதிகள் எளியவை. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது உயிரித் தொழில்நுட்பம்), ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். அறிவியல் பாடங்களில் பொதுப் பிரிவினர் 50 விழுக்காடும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் 40 விழுக்காடும் பெற்றிருந்தால் போதும். இதற்கு மேல் நீட் தேர்வு. அதில் தேர்ச்சிக்கு நிலையான மதிப்பெண் எதுவும் கிடையாது. தேர்வு எழுதியவர்களின் வரிசையில் நடுப்புள்ளிக்கு மேலே இருந்தால் பொதுப் பிரிவினர் தேறியவர்கள். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அந்தக் கோடு இன்னும் சற்றுக் கீழே வரும். 2022-ல் பொதுப் பிரிவுக்கான கோடு 720-க்கு 117 மதிப்பெண்ணில் விழுந்தது. விழுக்காட்டில் சொன்னால் 16-ஐச் சற்றுத் தாண்டியது. அதே ஆண்டு தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் பொதுப் பிரிவில் இடம் கிடைக்க அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் எடுக்க வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியை நிதானமாகப் பார்க்க வேண்டும். பொதுப் பிரிவில் 117 எடுத்தவரும் 450 எடுத்தவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே தகுதி உடையவர்கள். இருவருக்கும் அரசுக் கல்லூரியில் இடமில்லை. ஆனால் 117 எடுத்தவரின் குடும்பத்தால் ஆண்டுக்கு 20 லட்சம் கட்ட முடியுமானால் அவர் மருத்துவர் ஆகலாம். 450 எடுத்தவரின் குடும்பத்தால் அது முடியாவிட்டால், அவர் மறுபடி நீட் எழுதலாம், இல்லை வேறு படிப்புக்குப் போகலாம். நீட் திறமையை மட்டுமே அளந்து இடம் தருகிறது என்ற வாதம் நாடு முழுக்கச் சொல்லப்படுகிறது. அரசு இடங்களைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை உண்டு. மொத்த மருத்துவ இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், தேர்வு முதல் சல்லடை மட்டுமே. இரண்டாவது சல்லடை பணம். முதல் சல்லடையின் கண்களைப் பெரிதாக வைத்ததால்தான் இரண்டாவது சல்லடைக்கு வேலை இருக்கிறது. 2023-ல் முதுநிலை நீட்டில் தகுதிக் கோட்டைப் பூஜ்யம் பர்சன்டைல் வரை இறக்கி, காலி இடங்களை நிரப்ப வழி செய்யப்பட்டது. தகுதி என்பது தரத்தின் காவலாளி என்றால், காலி இடம் இருக்கும்போது அந்தக் காவலாளியை வீட்டுக்கு அனுப்பியிருக்க முடியாது.

அரசு இடங்களுக்குள்ளேயும் பணம் வேலை செய்கிறது. அங்கே அது வாசலுக்கு முன்பே, சத்தமில்லாமல் வேலை செய்கிறது. இதற்கான சான்று, 2021 ஜூனில் தமிழ்நாடு அரசு அமைத்து அடுத்த மாதமே அறிக்கை தந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் எண்களில் இருக்கிறது. நீட்டுக்கு முந்தைய 2016-17-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் அந்த ஆண்டே பள்ளி முடித்தவர்கள். பள்ளி முடித்து ஓராண்டோ அதற்கு மேலோ ஆனவர்கள் 12 விழுக்காடு சொச்சம். 2020-21-ல் இந்த விகிதம் தலைகீழாகி, மறுமுறை எழுதி வந்தவர்கள் 71 விழுக்காடு ஆனார்கள். தமிழ்வழியில் படித்துச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காட்டிலிருந்து 2-க்குக் கீழே போனார்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் 24 விழுக்காட்டுக்கு மேலிருந்து 14 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். இந்த எண்களில் அதிகம் பேசப்பட்டது தமிழ்வழி மாணவர்களின் சரிவு. அது பேசப்பட வேண்டியதே. ஆனால் சேர்க்கையின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள முதல் எண்ணே முக்கியம். ஏனென்றால் அதற்குள் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது.

மறுமுறை நீட் எழுதத் தயாராகும் ஒரு ரிப்பீட்டர் ஆண்டுக்கு என்ன செலவாகும் என்று கணக்கிடுவது கடினமல்ல. சென்னையிலோ கோவையிலோ நாமக்கல்லிலோ விடுதியோடு கூடிய நீட் கோச்சிங் மையத்தில் ஓராண்டுக் கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டுவது இன்று சாதாரணம். அதாவது அரசுக் கல்லூரியில் ஐந்தாண்டும் கட்டும் மொத்தக் கட்டணத்தைவிட, அந்தக் கல்லூரிக்குள் நுழைய ஓராண்டு செய்யும் தயாரிப்புக்கு அதிகம் செலவாகிறது. இது பணமாகக் கைமாறும் பகுதி மட்டுமே. பதினெட்டு வயதுப் பிள்ளை ஓராண்டு எந்தக் கல்லூரியிலும் சேராமல், எந்த வேலைக்கும் போகாமல் வீட்டில் அல்லது விடுதியில் இருப்பதை ஒரு குடும்பம் தாங்க வேண்டும். இடம் கிடைக்கும் என்ற உறுதி எதுவும் இல்லாமலே தாங்க வேண்டும். கலை அறிவியல் கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்டுவிட வேண்டும். பெண் பிள்ளை என்றால் உறவினர்களின் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்; கிராமத்து வீடுகளில் இந்தக் கடைசிச் செலவு முதல் செலவைவிடச் சிறியதல்ல. மாதச் சம்பளம் வரும் வீட்டுக்கு இது சிரமமான முதலீடு. தினக்கூலி வீட்டுக்கு இது சூதாட்டம். இரண்டாம் முறை எழுதலாம் என்று சட்டம் எல்லோருக்கும் ஒரே உரிமையைத் தருகிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தும் வசதி வீட்டுக்கு வீடு மாறுகிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும். பாடத்திட்டம் பழையதாக இருந்ததுதான் சிக்கல், பாடநூல்களைச் சரிசெய்தால் போதும் என்பது அது. மாநிலப் பாடநூல்கள் உண்மையிலேயே பழையனவாக இருந்தன. 2018-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் 2019-ல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய நூல்கள் வந்தன. பலர் வேண்டாவெறுப்பாகப் படித்துக் கடந்துகொண்டிருந்த பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வும் வந்தது. இவை நல்ல மாற்றங்கள், நீட் இல்லாவிட்டாலும் செய்திருக்க வேண்டியவை. ஆனால் புதிய பன்னிரண்டாம் வகுப்பு நூல்களைப் படித்த முதல் அணி நீட் எழுதியது 2020-ல். மறுமுறை எழுதியவர்கள் 71 விழுக்காடு இடங்களைப் பிடித்ததும் அதே ஆண்டுச் சேர்க்கையில்தான். நூல் மாறியும் இந்த எண் இறங்காததற்குக் காரணம், தேர்வின் அமைப்பே பயிற்சியின் கால அளவுக்குப் பரிசு தருவது. 180 கேள்விகளுக்கு மூன்று மணி நேரத்தில், தவறுக்கு மதிப்பெண் கழியும் பயத்தோடு விடையளிக்க, பாடம் புரிந்திருந்தால் மட்டும் போதாது. மாதிரித் தாள்களை நூற்றுக்கணக்கில் போட்டுப் பழகிய கை வேண்டும். அந்தப் பழக்கம் காலத்தால் வாங்கப்படுவது. முயற்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்பும் இல்லை, 2022 முதல் வயதுக்கு உச்சவரம்பும் இல்லை என்னும்போது, அதிக ஆண்டுகளை வாங்க முடிந்தவர்கள் முன்னால் வருவது இயல்பு.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நீட்டுக்கு முன்பு மட்டும் ஏழைப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியில் நிறைந்திருந்தார்களா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டு எழுதப்படும் எந்தக் கட்டுரையும் நேர்மையானதல்ல. 1980-களில் தொடங்கி 2006 வரை நடந்த மாநில நுழைவுத் தேர்வைச் சட்டம் போட்டு நீக்கிய பிறகு, 2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல். உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று சுருக்கி, 200-க்கு கட்-ஆஃப் கணக்கிட்டார்கள். பொதுப் பிரிவில் 198-ஐத் தாண்டாமல் அரசு இடம் கிடைப்பது அரிது. அந்தப் பத்தாண்டில் அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர்கள் மொத்தச் சேர்க்கையில் மிகச் சொற்பம். அப்போதும் ஒரு விலை இருந்தது. நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, இரண்டு ஆண்டு அதையே படிக்க வைத்துத் தேர்வெழுத வைத்ததற்குப் பெற்றோர் கட்டிய தொகைதான் அந்த விலை. ஆகவே பழைய முறையைப் பொற்காலம் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் இரண்டு முறைகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய முறையில் விலை பள்ளிப் படிப்போடு முடிந்தது. கிராமத்துப் பிள்ளைகளும் முதல் பட்டதாரிகளும் அந்த விலையை ஓரளவு கொடுத்துப் பார்த்தார்கள் என்பதை ராஜன் குழுவின் பழைய எண்களே காட்டுகின்றன. புதிய முறை அந்த விலையைப் பள்ளிக்குப் பிந்தைய ஆண்டுகளுக்கும் நீட்டியது. பழைய அநீதி இருந்தது என்பது புதிய அநீதியை நியாயமாக்கும் காரணமல்ல. ஒரு விலையைக் குறைக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது விலையைச் சேர்த்திருக்கிறோம்.

நன்கொடை ஒழிந்ததே என்பது அடுத்த வாதம். தனியார் கல்லூரிகளில் பெட்டியில் பணம் கொண்டுபோய் இடம் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. பொதுத் தேர்வும் பொதுக் கலந்தாய்வும் அந்தப் பேரத்தைப் பெருமளவு கட்டுப்படுத்தியிருக்கின்றன. இதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் மறைவாக வாங்கிய தொகை வெளிப்படையான கட்டணமாக மாறியதால் அது எளிய குடும்பத்தின் கைக்கு எட்டிவிடவில்லை. தனியார் கல்லூரிகளில் பாதி இடங்களுக்கு அந்தந்த மாநில அரசுக் கல்லூரிக் கட்டணமே வாங்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 பிப்ரவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது முழுதாக நடைமுறைக்கு வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

தகுதியும் கட்டணமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பதை 2020 நவம்பர் கலந்தாய்வைப் போல வேறெந்த நிகழ்வும் தெளிவாகக் காட்டியதில்லை. நீதிபதி பி. கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தேறியவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. ஆளுநரின் ஒப்புதல் வாரக்கணக்கில் தாமதமாக, அக்டோபர் 29-ல் அரசாணையே வெளியானது. மறுநாள் ஒப்புதல் வந்தது. முந்தைய ஆண்டு ஒற்றை இலக்கத்தில் இருந்த அரசுப் பள்ளி மாணவர் சேர்க்கை, அந்த ஆண்டு நூற்றுக்கணக்கில் உயர்ந்தது. கலந்தாய்வு தொடங்கிய முதல் நாட்களில், அரசுக் கல்லூரி இடங்கள் தீர்ந்த பிறகு அழைக்கப்பட்ட சிலருக்குத் தனியார் கல்லூரி இடங்களே மிஞ்சியிருந்தன. தேர்வில் தேறி, தரவரிசையில் வந்து, ஒதுக்கீட்டுச் சட்டமும் கைகொடுத்து, கலந்தாய்வு மேசை வரை வந்த பிள்ளைகள், ஆண்டுக்கு நான்கு லட்சம் கட்ட முடியாது என்று இடத்தை வேண்டாமென எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். செய்தி வெளியானதும் அந்த மாணவர்களின் கட்டணத்தை அரசே செலுத்தும் என்று அறிவிப்பு வந்தது. இன்று அந்த ஒதுக்கீட்டில் வருவோரின் கல்விக் கட்டணமும் விடுதிச் செலவும் அரசின் பொறுப்பு. முதல் நாளே இந்த ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். தகுதி விதியை ஒரு துறை, ஒரு கோப்பில் திருத்தியது. கட்டணம் வேறொரு கோப்பில் கிடந்தது. இடையில் சிக்கியவை அந்த வீடுகள்.

ஒதுக்கீட்டால் தரம் குறையும் என்பவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, 117 மதிப்பெண்ணுக்குப் பணத்தோடு இடம் தரும் ஏற்பாட்டில் தரத்தைப் பற்றி எழாத கவலை, அதைவிடப் பல மடங்கு எடுத்த அரசுப் பள்ளி மாணவரைப் பற்றி மட்டும் எழுவதற்கு நியாயமில்லை. இரண்டாவது பதிலை உச்ச நீதிமன்றமே 2022 ஜனவரியில் சொல்லிவிட்டது. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு வழங்கியதை உறுதிசெய்த நீல் ஆரேலியோ நூன்ஸ் வழக்குத் தீர்ப்பில், திறமையைப் போட்டித் தேர்வின் மதிப்பெண்ணாக மட்டும் சுருக்கக் கூடாது, அந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் குடும்பத்தின் சமூக, பொருளாதார, பண்பாட்டு மூலதனம் இருக்கிறது என்று நீதிபதிகள் விளக்கினார்கள். பயிற்சி மையத்தின் கட்டணம் அந்த மூலதனத்தின் மிகத் தெளிவான வடிவம். உள்ளே வந்த பிறகு எல்லோரும் எழுதுவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அதே தேர்வு. உடற்கூறியலில் தோற்றால் தோற்றதுதான். அங்கே ஒதுக்கீடு இல்லை.

கட்டணத்தின் பக்கம் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே பெருமளவு அரசு இடங்களைப் பிடிக்கிறார்கள் என்றால், அரசு ஏன் 18,000 ரூபாய்க்குப் படிப்புத் தர வேண்டும், கட்டணத்தை உயர்த்தி ஏழைக்கு மட்டும் உதவித்தொகை தரலாமே என்று பொருளாதாரம் அறிந்தவர்கள் கேட்கிறார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும். சிதம்பரம் நகரின் அனுபவம் இதற்கு நேரடி விடை தருகிறது. அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. ஆனால் அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5.44 லட்சமாகவே தொடர்ந்தது. பக்கத்து மாவட்டத்து அரசுக் கல்லூரியில் 13,610 ரூபாய். மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிய பிறகு, 2021 தொடக்கத்தில் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கட்டணம் அதே 13,610-க்கு வந்தது. போக்குவரத்துத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டு, பின்னர் அரசுக் கல்லூரியான பெருந்துறைக் கல்லூரியிலும் 3.85 லட்சமாக இருந்த கட்டணத்துக்கு எதிராக இதே போராட்டம் நடந்தது, இதே முடிவு கிடைத்தது. கட்டடம் மாறவில்லை, ஆசிரியர் மாறவில்லை, பிரேதப் பரிசோதனைக் கூடம் மாறவில்லை. ஓர் அரசாணை மாறியது, சிதம்பரத்தில் விலை நாற்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. கட்டணம் என்பது படிப்பின் அடக்கவிலை அல்ல, யாரை உள்ளே விடுவது என்ற அரசியல் முடிவு என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை. கட்டணத்தை உயர்த்திவிட்டு ஏழைகளைத் தேடித்தேடி விலக்குத் தருவது, வருமானச் சான்றிதழ்களை நம்பி நடக்க வேண்டிய வேலை. விவசாயக் கூலியின் வருமானத்துக்கும் வருமானத்தை மறைக்கத் தெரிந்த வியாபாரியின் வருமானத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத் தாளில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. கடனோடு படித்து வெளிவரும் மருத்துவர் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதும் கடினம். அரசுப் பணியில் இருந்துகொண்டே முதுநிலை படிக்க ஒதுக்கீடு தரும் தமிழ்நாட்டின் ஏற்பாடு, கடன் சுமை இல்லாத இளம் மருத்துவர்களை நம்பித்தான் நிற்கிறது.

ஆகவே குறைந்த கட்டணம் காக்கப்பட வேண்டும். அதோடு கல்லூரி வாசலுக்கு முன்பே வசூலாகும் கட்டணம் குறைக்கப்பட வேண்டும். நீட்டிலிருந்து விலக்குக் கேட்டு 2021-ல் நிறைவேற்றிய மாநில மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். அந்தச் சட்டப் போராட்டம் தன் வழியில் நடக்கட்டும். அது முடியும்வரை மாநிலத்தின் கையில் உள்ள சில வழிகளும் சிறியவை அல்ல. 2017-க்குப் பிறகு ஒன்றியந்தோறும் தொடங்கப்பட்ட இலவசப் பயிற்சி, பள்ளி நடக்கும் காலத்துக்கானது; பள்ளி முடித்து ஓராண்டு மறுபடி முயலும் அரசுப் பள்ளி மாணவருக்கு விடுதியும் உதவித்தொகையும் கொண்ட ஓராண்டுத் திட்டம் வேண்டும். மற்றவர்கள் விலை கொடுத்து வாங்கும் அந்த ஆண்டை அரசு கொடுக்க வேண்டும் என்பதே இதன் பொருள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் எளிய பிள்ளைகள் 7.5 விழுக்காட்டுக்கு வெளியே நிற்பதையும் மறுபடி பார்க்க வேண்டும்; ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்பது பதினெட்டாம் வயதில் தகுதியைத் தீர்மானிக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் 7.5 விழுக்காட்டுச் சட்டம் செல்லும் என்று சொன்னபோது, ஐந்தாண்டில் மறுஆய்வு தேவை என்றும் கூறியது. அந்த ஆய்வு, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணிக்கையோடு நின்றால் பயனில்லை. சேர்ந்த ஒவ்வொருவரும் எத்தனையாவது முறை எழுதி வந்தார், எங்கே பயிற்சி பெற்றார், அதற்கு வீடு எவ்வளவு செலவழித்தது என்பதைக் கலந்தாய்வு விண்ணப்பத்திலேயே கேட்டுப் பதிவு செய்து, மருத்துவக் கல்வி இயக்ககம் ஆண்டுதோறும் தரவரிசைப் பட்டியலோடு சேர்த்து வெளியிட வேண்டும். பெயர் வேண்டாம், மாவட்டமும் பள்ளி வகையும் போதும். விண்ணப்பத்தில் சில கட்டங்களைச் சேர்த்தால் முடியும் வேலை அது.